பூரணம் வக்கீல் தட்டிய பின்கதவு

காலை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. பள்ளி நேரத்தில் நான் எடுப்பதில்லை. வள்ளியின் பெயர் மூன்றாவது தடவையாக வரவும் எடுத்துவிட்டேன்.

"டீச்சர், வக்கீலம்மா போயிட்டாக."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "யாரு சொன்னா? நீ நேர்ல பாத்தியா? எவனாவது வாட்ஸப்புல போட்டத வச்சுக்கிட்டுப் பேசாத!" என்று கத்தினேன். போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "அவுக கால்மாட்டுலதான் டீச்சர் நிக்கிறேன்" என்றாள் வள்ளி.

நேரில் பார்க்காத எதையும் நம்பாதே, எழுதாதே என்று என் மண்டையில் ஏற்றியவர் பூரணம் வக்கீல். கடைசியில் அவருடைய சாவையும் அப்படித்தான் விசாரித்திருக்கிறேன். இது அவர் காதுக்குப் போயிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், மீதிப் பேர் அவரால் பிழைத்தவர்கள். இரண்டிலும் சேர்ந்த ஆட்களும் உண்டு, நான் அந்த வகை. அமராவதிபுதூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காரைக்குடியில் வக்கீல் தொழில் பண்ணி, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் அந்த உருவத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. பச்சை ஒயர் கூடை, அடியில் கேஸ் கட்டு, மேலே கொய்யாப்பழம். "கட்டு எங்கம்மா?" என்று நீதிபதி கேட்டால் பழத்தை எடுத்து எதிர்த் தரப்பு வக்கீல் கையில் கொடுத்துவிட்டு அடியில் தேடுவார். அவரைப் பற்றி ஒப்பாரி வைக்க என்னால் முடியாது. அவரோடு நான் போட்ட சண்டையைச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த அஞ்சலி.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பள்ளி வேலை போக, எங்கள் பகுதி வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கிற வேலையும் என் தலையில் உண்டு. யார் இருக்கிறார்கள், யார் இறந்துவிட்டார்கள், யார் வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிக் அடிக்கிறார்கள், நான் வெயிலில் நடந்து அடிக்கிறேன் என்று ஆசிரியர் அறையில் வாய் கிழியப் பேசுவேன்.

சில வருடங்களுக்கு முன், பேரூராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் பூரணம் வக்கீல் பள்ளிக்குள் வந்தார். கூட வள்ளி. வள்ளியின் மகள் செல்வி என் வகுப்பில்தான் படித்தாள்.

"டீச்சர், வள்ளி பேர நீக்கிட்டீகளாமே?"

வணக்கம்கூட இல்லை! எனக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டியலை எடுத்து வைத்தேன். வள்ளி பெயருக்கு எதிரே, 'மூன்று முறை நேரில் சென்றேன். வீடு பூட்டியிருந்தது. குடிபெயர்ந்துவிட்டனர்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவள் பெயருக்கு மட்டுமில்லை. அந்தத் தெருவில் பதினொரு பெரிய வீடுகள், அந்தக் கதவு எண்களில் இருந்த முப்பது பேர், எல்லாருக்கும் அதையே எழுதியிருந்தேன்.

"பூட்டித்தாங்க இருந்துச்சு! மூணு தடவ போனேன், மொட்ட வெயில்ல போனேன். நான் பொய் எழுதுவேன்னு சொல்றீகளா?" என்று நான் குதித்தேன்.

"பொய் எழுதலயே. பாதி வீட்டப் பாத்துட்டு எழுதியிருக்கீக. ஒரு பத்து நிமிசம் நடந்துட்டு வருவமா?"

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, இந்த அம்மாளை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். நான் தட்டிய முன்கதவுக்கு முன்னால் போய் நின்றோம். கைப்பிடி அளவுப் பூட்டு தொங்கியது. "பாருங்க!" என்றேன். "பாத்தாச்சு. அங்குட்டுப் போவோம்" என்று பூரணம் சந்துக்குள் இறங்கினார்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்கதவு ஒரு தெருவில் இருக்கும், பின்கதவு அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் முற்றம் முற்றமாகப் போய்க்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் வந்து திறப்பார்கள். பின்கட்டில் வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற குடும்பம் வருடம் முழுக்க இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கதவு எண். பங்காளிகள் நிறையப் பேர் இருக்கிற வீடு என்றால் முன்கதவுச் சாவி பட்டணத்திலேயே இருந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் பிறந்த ஊரே இதுதான். தெரிந்துதான் முன்கதவைத் தட்டிவிட்டு வந்தேன், பின்பக்கம் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பின்தெருவில் கொடியில் செல்வியின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தது. நான் அப்போதும் விடவில்லை. "ஆளு இருந்தா ஏன் வரல? அவ்வளவு நேரம் தட்டுனேனே!" என்று வள்ளியைப் பிடித்துக்கொண்டேன்.

வள்ளி சாதாரணமாகத்தான் சொன்னாள். "கேட்டுச்சு டீச்சர். மூணு தடவையும் கேட்டுச்சு. முன்கதவத் தட்டுனா முதலாளியத் தேடி வந்தவகன்னுதான நினைப்போம்? எங்களத் தேடி யாரு அங்குட்டு வரப்போறா?"

பூரணம் வக்கீல் அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். இருப்பாரா?

"காலையில பிள்ளைக்கு ஆஜர் போடுறீக. சாயங்காலம் அவ ஆத்தாள ஊர விட்டே அனுப்பிட்டீக. நல்லாருக்கு டீச்சர்!"

பெயர் போனது வள்ளிக்கு வெறும் ஓட்டு போன காரியமாக இல்லை. அவள் வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கப்போவதாகப் பின்தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். முன்தெருவில் பூட்டிய வீடுகளுக்கு முன்னால் விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. ஆள் குடியிருக்கிற பின்தெருவில் இரண்டும் இல்லை. அதைக் கேட்கத்தான் நிற்கிறாள். பட்டியலில் பெயர் இல்லாதவள் எப்படி நிற்பாள்? தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் பட்டியலை யாரும் தொட முடியாது. இன்றோ நாளையோ என்று இருந்தது.

பூரணம் முறைப்படி மனுக்களைக் கொடுத்தார். 'குடிபெயர்ந்துவிட்டனர்' என்று என் அறிக்கை இருப்பதால் அவை அப்படியே நிலுவையில் கிடக்க, அவர் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டார். புதிதாகப் பெயர் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போடலாமே என்று யாரோ யோசனை சொன்னபோது அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "புதுசா சேக்கவா? அவக என்ன நேத்து வந்தவகளா? இருந்தவகள இல்லைன்னு எழுதுனது தப்புன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்." அந்த ஒரு வரியை எழுத வேண்டிய ஆள் நான்.

மேலதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு நயமாகச் சொன்னார். "எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும் டீச்சர். பூட்டித்தானே இருந்துச்சு? தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு வர்ற நேரம். எதுக்கு வம்பு?" ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் பதவிக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தேன். நேராகப் பூரணத்திடம் போய், "என்ன விட்டுருங்க. நான் சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயப்படுத்தாதீக" என்றேன்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "கட்டாயப்படுத்தி வாங்குன கையெழுத்து கோர்ட்டுல நிக்காது டீச்சர். உங்க பேரு ஒரு லிஸ்ட்டுல இருக்கணும்னு ஆசைப்படுறீக, அதுல தப்பே இல்ல. வள்ளியும் அதத்தான் கேக்குறா." அவ்வளவுதான். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். செல்வி பெயர் வந்தது. "உள்ளேன் டீச்சர்!" என்று கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பேனா அப்படியே நின்றுவிட்டது. உள்ளேன் என்கிறாள். அவள் வீட்டில் ஆளே இல்லை என்று எழுதிய அதே பேனா என் கையில் இருக்கிறது. மத்தியானம் வரை பொறுக்க முடியாமல், பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் பூரணம் வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையிலேயே ஓடினேன், என் உடம்பை வைத்துக்கொண்டு! அவர் என்னைப் பார்த்ததும், "மூச்சு விடுங்க டீச்சர். செத்துகித்துப் போனா சாட்சிக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

இதற்கு நடுவில் இன்னொரு இடி. வள்ளி இருந்த வீட்டின் சொந்தக்கார ஆச்சி சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிவிட்டார். நீங்கள் வேலைக்கு வைத்த ஆட்கள் உங்கள் கதவு எண்ணைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகிறார்கள், நாளைக்கு வீட்டையே கேட்பார்கள் என்று யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள். ஆச்சி வள்ளியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால் கேஸே முடிந்தது. நாங்கள் போனபோது அதிசயமாக முன்கதவு திறந்திருந்தது. பூரணம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய், முற்றம் முற்றமாகக் கடந்து ஆச்சி முன்னால் நின்றார்.

"ஏம்மா வக்கீலு, முன்னாடி தொறந்துதான இருக்கு? இப்படி வந்து நிக்கிறியே?" என்றார் ஆச்சி.

"வள்ளி வீட்டுக்கு வந்தேன் ஆச்சி. வந்த எடத்துல உங்களயும் பாத்துட்டுப் போகலாம்னு" என்றார் பூரணம். எனக்கு உயிரே போய்விட்டது. ஆச்சி ஒரு கணம் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். ஓட்டு வேறு, வீடு வேறு, ஓட்டு இருப்பதால் ஒரு செங்கல்கூட யாருக்கும் போகாது என்று பூரணம் பொறுமையாக விளக்கினார். பிறகு, "நீங்க இல்லாதப்ப இந்த வீட்டுல வெளக்கேத்துறது யாரு ஆச்சி?" என்று கேட்டார். ஆச்சி உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார், வள்ளி குடும்பம் இத்தனை வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று. எழுதி முடித்துவிட்டு, "கல்யாணத்துக்கு வரும்போது எனக்கும் பின்தெருவுல தண்ணி இல்லாமத்தான் கஷ்டமா இருக்கு. வள்ளி ஜெயிச்சா குழா போடுவாளா?" என்றார்.

மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. காரைக்குடியில் விடியற்காலை பஸ் ஏறினோம், பூரணம், வள்ளி, நான். என் மடியில் இரண்டு காகிதக் கட்டுகள். ஒன்று வருகைப் பதிவேட்டின் நகல், இன்னொன்று வாக்காளர் சரிபார்ப்புப் பட்டியலின் நகல். வழி நெடுக நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு வர, பூரணம் ஜன்னலோரம் உட்கார்ந்து குறட்டை விட்டார்!

அரசுத் தரப்பு வக்கீல் என் அறிக்கையைக் காட்டித்தான் பேசினார். மூன்று முறை போயிருக்கிறார், பூட்டியிருந்திருக்கிறது, நோட்டீஸும் கதவில் ஒட்டியாயிற்று என்றார். பூரணம் எழுந்தார். "எந்தக் கதவில் என்று மட்டும் கேட்கிறேன் அய்யா" என்றார். நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் இரண்டு நகல்களையும் கொடுத்தார். நீதிபதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை எழுந்திருக்கச் சொன்னார். முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"இரண்டும் உங்கள் கையெழுத்தா அம்மா?"

"ஆமாங்கய்யா."

"ஒன்றில் பிள்ளை தினமும் வந்திருக்கிறது. இன்னொன்றில் அந்தக் குடும்பமே ஊரில் இல்லை. எது சரி?"

"பிள்ளை ஆஜர்தாங்கய்யா சரி. இன்னொண்ணு நான் பின்பக்கம் போய்ப் பாக்காம எழுதுனது."

சொல்லிவிட்டேன்! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். மூன்று நாளுக்குள் பின்தெருவில் நேரில் விசாரித்து, குடியிருக்கிறவர்களின் பெயர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவு. வெளியே வந்ததும் வள்ளி அழுதாள், நான் அழுதேன். பூரணம், "பசிக்குது, எங்குட்டாவது போயித் தின்னுட்டு அழுவோம்" என்றார்.

அந்த மூன்று நாளும் நான் பின்தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். பட்டியல் ஒட்டப்பட்ட அன்று பேரூராட்சி அலுவலகச் சுவரில் முப்பது பேரும் விரல் வைத்து விரல் வைத்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செல்வி வாசித்துச் சொன்னாள். பெயர் கிடைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு கூச்சல். திருவிழா தோற்றது!

வள்ளி நின்றாள். தோற்றாள். பதினெட்டு ஓட்டில் தோற்றாள். நான் துவண்டு போய்ப் பூரணத்திடம் போனேன். அவர் எனக்கு நேர்மாறாக முகம் பூராவும் சிரிப்பாக இருந்தார். "தோக்குறதுக்கும் லிஸ்ட்டுல பேரு வேணும்ல டீச்சர்! ஜெயிச்சவரு நேத்து வீடு வீடா நன்றி சொல்ல வந்தாராம். எங்குட்டு வந்தாரு தெரியுமா? பின்தெருவுக்கு!" என்று கையைத் தட்டினார். இப்போது அங்கே விளக்கு எரிகிறது. குழாய் இன்னும் வரவில்லை. அடுத்த தேர்தலுக்கு வள்ளி இப்போதே தயார்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பத்துப் பக்கத்துக்குப் பதில் எழுதி வைத்திருந்தேன். பூரணம் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, 'நான் செய்தது தவறு, திருத்திவிட்டேன்' என்று ஒரே வரி எழுதச் சொன்னார். எச்சரிக்கையோடு விட்டார்கள். தலைமையாசிரியர் பதவி எனக்கு வரவில்லை, அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்றைக்குப் பிறகு ஆஜர் எடுக்கும்போது என் பேனா நின்றதில்லை.

அடுத்த தடவை சரிபார்ப்பு வேலை வந்தபோது என் நோட்டை அவரிடம் காட்டப் போனேன். அவர் என் ஸ்கேலையும் சிவப்பு மைப் பேனாவையும் பிடுங்கி, கடைசியில் நெட்டாக ஒரு கோடு போட்டார். ஒரு புதுக் கட்டம் வந்தது. அதன் தலையில் தன் கோணல் எழுத்தில் 'பின்வாசல்' என்று எழுதினார். "இதுல டிக் அடிக்காம ஒரு பேரையும் அடிக்கப்படாது. எம் பேரா இருந்தாலும் சரி" என்றார். நான் அவர் வாயில் ஒரு தட்டுத் தட்டினேன். "அபசகுனமா பேசாதீக!"

போன வாரம் அந்த வேலை வந்தது. பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இறந்தவர் பெயரை நீக்க வேண்டியது என் கடமை. யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு நடந்தேன். வீட்டு முன்கதவைத் தட்டினேன். அவருடைய தம்பி திறந்தார். "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்றார். "இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அது சின்ன வீடு, பத்து எட்டுக்கூட இல்லை. பின்கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் தட்டினேன். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். ஆணியில் பச்சை ஒயர் கூடை தொங்கியது. அவர் தம்பி உள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தம்பி கூடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், வள்ளிக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தேர்தலுக்கு அலைகிறவளுக்கு அது உதவும். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது ஒரு நோட்டில் சிவப்பு மையில் போட்ட ஒரு கோடு, அது எனக்குப் போதும். அங்கேயே நின்று அந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன். எதிரே எழுதினேன்: 'முன்வாசலிலும் பின்வாசலிலும் நேரில் விசாரித்தேன். பூரணம் இல்லை.'